இரண்டு கட்டில், ஒரு கடிகாரம்: ‘இரத்த முடிச்சு’ நாடகத்தை மேடையேற்றுவது எப்படி

பொருள்களின் பட்டியலை மட்டும் பார்த்தால், ஒரே நாளில் சேகரித்துவிடக்கூடிய நாடகம் இது. இரண்டு கட்டில், ஒரு மேசை, இரண்டு நாற்காலி, எண்ணெய் அடுப்பு, ஒரு கெண்டி, காலை ஊற வைப்பதற்கு ஒரு தொட்டி, மணியடிக்கும் கடிகாரம். நடிகர்களும் இருவர்தான். செலவு குறைவு என்ற ஒரே காரணத்துக்காக இதைக் கையில் எடுக்கும் சிறு குழுக்கள், மூன்றாம் வார ஒத்திகையில் திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகவே இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்க நாடகாசிரியர் அதோல் ஃபியூகார்ட் எழுதிய இந்நாடகம் முதன்முதலாக 1961 செப்டம்பரில் ஜோகன்னஸ்பர்க்கின் டோர்கே ஹவுஸ் கட்டடத்தில் மேடையேறியது. வெள்ளையரான ஃபியூகார்ட் மோரிஸாகவும், கறுப்பினத்தவரான சேக்ஸ் மொகாய் சகரியாவாகவும் நடித்தனர். இருவரும் ஒரு தாயின் பிள்ளைகள், தந்தையர் வேறு. மோரிஸின் தோல் வெளுப்பு, வெள்ளையன் என்று சொல்லி ஊரை நம்ப வைத்துவிடலாம். சகரியாவின் தோல் கறுப்பு. போர்ட் எலிசபெத் நகரின் (2021 முதல் அதன் பெயர் கெபெர்ஹா) ஓரத்தில் இருந்த கோர்ஸ்டன் குடியிருப்பில், ஒரே அறைக் குடிசையில் இருவரும் வாழ்கிறார்கள். சகரியா ஒரு பூங்காவின் வாசலில் நாள் முழுதும் நின்று, கறுப்பினப் பிள்ளைகள் உள்ளே நுழையாமல் விரட்டும் வேலையைப் பார்க்கிறான். மோரிஸ் வீட்டைக் கவனித்துக்கொண்டு, என்றோ ஒரு நாள் இருவரும் சேர்ந்து வாங்கப்போகும் பண்ணைக்காகக் காசு சேர்க்கிறான். எழுதப் படிக்கத் தெரியாத சகரியாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று, அவன் பெயரில் மோரிஸ் ஒரு பேனா நட்பைத் தொடங்கி வைக்கிறான். ஓட்ஸ்ஹோர்ன் என்னும் ஊரில் இருக்கும் அந்தப் பெண்ணின் புகைப்படம் வந்த பிறகுதான் அவள் வெள்ளைக்காரி என்பதும், அவளுடைய அண்ணனோ தம்பியோ போலீஸ்காரன் என்பதும் தெரியவருகின்றன. அவள் நேரில் வருவதாகக் கடிதம் எழுதுகிறாள். பண்ணைக்காகச் சேர்த்த காசை எடுத்து, மோரிஸுக்கு வெள்ளைக்கார கனவானின் உடை வாங்கப்படுகிறது. அந்த உடையைப் போட்டுக்கொண்டு இருவரும் ஆடும் ஒரு விளையாட்டுத்தான் நாடகத்தின் உச்சம்.

கதையை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இதில் எந்த இடத்திலும் ஒரு வெள்ளைக்காரன் மேடைக்கு வருவதில்லை. போலீஸ் கதவைத் தட்டுவதில்லை. சட்டம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு யாரும் உரை நிகழ்த்துவதில்லை. இருந்தும் அறைக்குள் மூச்சு முட்டுகிறது. சட்டம் அந்த இரு உடல்களுக்குள் குடியேறிவிட்டதுதான் அதற்குக் காரணம். அதை அந்த உடல்களிலிருந்து வெளியே எடுத்துக் காட்டுவதே இயக்குநரின் வேலை. 1960இல் ஷார்ப்பவில் என்னும் ஊரில் போராடிய கறுப்பினத்தவரைப் போலீஸ் சுட்டுக்கொன்ற படுகொலையின் படங்களைத் திரையில் ஓட்டுவது, துப்பாக்கிச் சத்தம் போடுவது, நடுவில் ஒரு கதைசொல்லியை நுழைத்து நிறவெறியை விளக்க வைப்பது ஆகிய யாவும் நல்ல நோக்கத்தோடு செய்யப்படும் தவறுகள். அவை பார்வையாளரின் கண்ணை அறையிலிருந்து வெளியே இழுத்துவிடுகின்றன.

முதல் வேலை, உரிமை பெறுவது. ஃபியூகார்ட் 2025 மார்ச்சில் காலமானார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். மேடையேற்றத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் தனித்தனியாக எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். ஒன்று கிடைத்தால் மற்றது தானாகக் கிடைத்துவிடாது. நுழைவுக் கட்டணம் இல்லாத நிகழ்ச்சியாக இருந்தாலும் கேட்டுவிடுங்கள். கேட்கும்போதே எந்தப் பிரதி என்பதையும் தீர்மானித்துவிட வேண்டும். 1961இன் முதல் மேடையேற்றம் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓடியது. பின்னர் அது சுருக்கப்பட்டது. அதே இரு நடிகர்களும் 1985இல் அமெரிக்காவின் யேல் ரெப்பர்ட்டரி அரங்கிலும், தொடர்ந்து நியூயார்க்கின் பிராட்வே அரங்கிலும் மீண்டும் நடித்தபோது ஆசிரியரே இன்னும் செதுக்கிய வடிவம் உருவாயிற்று. நம் குழுக்களுக்கு அந்தச் சுருங்கிய வடிவமே பொருந்தும். நீங்களாகக் கத்தரிக்க வேண்டாம். முதல் காட்சியில் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று தோன்றும் பகுதிகள்தாம் கடைசிக் காட்சியின் பாரத்தைத் தாங்கும் தூண்கள்.

அடுத்தது மொழி. இங்கேதான் தமிழ் மேடைக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கல் எழுகிறது. மூத்தவனா இளையவனா என்று சொல்லாமல் உடன்பிறந்தவனைக் குறிக்க அன்றாடப் பேச்சில் நமக்கு எளிய சொல் இல்லை. அண்ணன் என்றாலோ தம்பி என்றாலோ, மேலே கீழே என்ற ஒரு படிநிலை உடனே அறைக்குள் வந்துவிடுகிறது. இந்நாடகத்தில் படிநிலையைத் தீர்மானிக்க வேண்டியது தோல்தான், வயது அன்று. ‘சகோதரா’ என்றால் மேடைப் பேச்சாகிவிடும். ஆகவே இருவரும் பெயர் சொல்லியே அழைத்துக்கொள்ளட்டும். உறவைச் சொல்லியே தீர வேண்டிய இடங்களில் ‘கூடப் பொறந்தவன்’ என்ற சொல் சரியாக உட்காரும். அதில் வயிறு இருக்கிறது, ஒரே தாய் இருக்கிறாள், வயது இல்லை.

இழந்ததற்கு ஈடாகத் தமிழ் ஒரு வரத்தையும் தருகிறது. ஆங்கிலத்தில் இல்லாத நீ, நீங்கள் என்ற வேறுபாடு நம்மிடம் இருக்கிறது. நாடகம் முழுவதும் ‘நீ, வா, போ’ என்று பேசிக்கொள்ளும் இருவரில், உடையைப் போட்டுக்கொண்ட மோரிஸைப் பார்த்து சகரியாவின் வாயில் முதன்முறையாக ‘நீங்க’ வந்து விழும் நொடியை மொழிபெயர்ப்பாளர் எண்ணி எண்ணித் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு முன் விளையாட்டுக்காகக்கூட அந்தச் சொல் வரக்கூடாது. வெள்ளைக்காரனை விளிக்கும் சொல்லாக ‘எஜமான்’ என்று போட்டால் நம் ஊர்ப் பண்ணையார் வந்து நிற்பார். ‘பாஸ்’ என்பது, தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கான்ஸ் மொழியிலிருந்து வரும் மூலச் சொல்லுக்கு (baas) ஒலியில் மிக நெருக்கம்தான், ஆனால் நம் தெருவில் அது நண்பனைக் கூப்பிடும் சொல்லாகிவிட்டது. ‘தொரை’ என்பதே என் பரிந்துரை. தேயிலைத் தோட்டங்களில் வெள்ளைக்கார முதலாளியை அழைத்த சொல் என்பதால் அதில் நிறமும் அச்சமும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பணத்தைக் குறிக்கும்போது ‘பவுண்டு’ என்றே உச்சரிக்க வையுங்கள். ‘பவுன்’ என்று சொன்னால் முன்வரிசையில் இருப்பவர்கள் நகைக்கடைக் கணக்கில் இறங்கிவிடுவார்கள்.

படிக்காதவன் என்பதற்காக சகரியாவின் வாயில் சென்னைத் தமிழையோ ஏதேனும் ஒரு வட்டார வழக்கையோ வைக்க வேண்டாம். திரைப்படப் பழக்கத்தில் அந்த வழக்கு வந்ததுமே அரங்கு சிரிக்கத் தயாராகிவிடும். இருவரும் ஒரே பேச்சுத் தமிழில் பேசட்டும். மோரிஸின் வாக்கியங்கள் நீளட்டும், சகரியாவின் வாக்கியங்கள் குறுகட்டும், அந்த வேறுபாடு போதும். விளையாட்டுக் காட்சியில் வரும் நிற இழிசொல்லுக்குப் பதிலாக நம் சாதி இழிசொல் எதையும் வைக்கக்கூடாது. கோர்ஸ்டன் கோர்ஸ்டனாகவே இருக்கட்டும். தன் ஊரை அதில் காண வேண்டியவர் தானாகவே கண்டுகொள்வார். அவருடைய வேலையை நாம் செய்துவைத்தால் அவருக்கு நாடகத்தில் செய்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

பாத்திரத் தேர்வில் எல்லோரும் முதலில் கேட்பது நிறத்தைப் பற்றித்தான். ஒருவருக்கும் சாயம் பூச வேண்டாம்: கறுப்பும் வேண்டாம், வெளுப்பும் வேண்டாம், சுருள்முடிப் பொய்த்தலையும் வேண்டாம். சகரியாவாக நடிப்பவர் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு வந்தால், எந்தக் கேலியை நாடகம் எதிர்க்கிறதோ அதையே நாம் மேடையில் நிகழ்த்துகிறோம். சற்றே நிற வேறுபாடுள்ள இருவர் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் நட்டமில்லை. ஏனெனில் 1950இல் நிறைவேறிய மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் தோற்றத்தையும், ஊரார் ஒருவரை எந்த இனத்தவராக ஏற்றிருக்கிறார்கள் என்பதையும் வைத்தே வெள்ளையரை வரையறுத்தது. தலைமுடியில் பென்சிலைச் செருகி, அது கீழே விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்து இனத்தைத் தீர்மானித்த அதிகாரிகள் இருந்தார்கள். ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் வெவ்வேறு இனங்களாகப் பதிவான நிகழ்வுகளும் உண்டு. ஆகவே ஏறத்தாழ ஒரே நிறமுள்ள இருவர் நின்று, ஒருவன் தப்பிக்கலாம், மற்றவன் முடியாது என்று சொல்லும்போது, அந்தச் சட்டத்தின் பித்துக்குளித்தனம் இன்னும் கூர்மையாகத் தெரியும். ஒளியமைப்பாளரிடமும் சொல்லிவையுங்கள். மோரிஸின் மேல் கூடுதல் வெளிச்சம் அடித்து நிறத்தைக் காட்ட முயல்வது சாயம் பூசுவதற்குச் சமம்.

அப்படியானால் வேறுபாட்டை எதைக் கொண்டு காட்டுவது? உடலின் பழக்கத்தைக் கொண்டு. சகரியா நிற்கத் தெரிந்தவன். உட்காரும்போது நாற்காலியின் முழுப் பரப்பையும் எடுத்துக்கொள்கிறான், ஏனெனில் நாள் முழுதும் அவனுக்கு அது மறுக்கப்பட்டிருக்கிறது. மோரிஸ் உட்கார்ந்தாலும் நுனியில்தான் உட்காருகிறான். யாரோ வந்து எழுப்பிவிடுவார்கள் என்பதுபோலக் கதவைப் பார்க்கிறான். வெள்ளையனாக வாழ்ந்து பார்க்க முடிந்தவனுக்குத்தான் பிடிபடும் பயம். பிடிபட எதுவும் இல்லாத சகரியாவோ சொந்த அறையில் சத்தமாகச் சிரிக்கிறான். முதல் பத்து நிமிடங்களில் இது பார்வையாளர் மனத்தில் பதிந்துவிட்டால், நிறத்தைப் பற்றிய கவலை உங்களுக்கும் இருக்காது, அவர்களுக்கும் இருக்காது.

சகரியாவாக நடிப்பவருக்கு ஒரு பயிற்சி. முதல் வாரத்தில் ஒத்திகைக்கு முன் இரண்டு மணி நேரம், கட்டாந்தரையில், கனமான பூட்ஸ் போட்டுக்கொண்டு, எதிலும் சாயாமல் நிற்கச் சொல்லுங்கள். கைப்பேசி கூடாது. அதன்பின் நேராகக் கால் ஊறவைக்கும் காட்சியை எடுங்கள். பூட்ஸைக் கழற்றும் வேகம், கால்விரல்கள் விரியும் விதம், வெந்நீரில் குதிகால் முதலில் போகிறதா விரல்கள் முதலில் போகின்றனவா என்பவற்றை எந்த இயக்குநரும் சொல்லித்தர முடியாது. மோரிஸாக நடிப்பவர் அந்த இரண்டு மணி நேரமும் அறையைப் பெருக்கி, மேசையைத் துடைத்து, கட்டில் விரிப்பைச் சரிசெய்து, மணியைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கட்டும். காத்திருப்பவனின் அன்பில் ஒரு கண்டிப்பு சேர்ந்துவிடும். மோரிஸின் குணத்துக்கு அதுவே திறவுகோல்.

தண்ணீரைப் பற்றி இரண்டு வார்த்தை. கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் போகக்கூடாது. ஆவி தெரிய வேண்டுமானால் கெண்டியில் மட்டும் சூடான நீரை வைத்துக்கொண்டு, தொட்டியில் முன்பே தண்ணீர் ஊற்றி வைத்திருங்கள். தொட்டிக்கு அடியில், கோணிப்பைக்குக் கீழே மறைவாக ஒரு ரப்பர் விரிப்பு கட்டாயம். விளக்குக்கான மின்கம்பி எதுவும் அந்தப் பக்கமாகப் போகக்கூடாது. எண்ணெய் அடுப்பைப் பற்றவைக்க எந்த அரங்கும் எளிதில் அனுமதிக்காது. பற்றவைத்ததுபோல் நடிகர் முதுகைத் திருப்பிக்கொண்டு செய்தாலே போதும்.

குடிசை அமைப்பில் ஆசிரியரின் குறிப்பு தெளிவானது: தகரத் துண்டுகள், பெட்டிப் பலகைகள், தட்டையாக்கிய அட்டைப் பெட்டிகள், பழைய கோணிகள். போர்ட் எலிசபெத் மோட்டார் தொழில் நகரம். ஃபோர்டு நிறுவனம் அங்கே 1920களிலேயே ஆலை தொடங்கியது. கார்ப் பாகங்கள் வந்திறங்கிய மரப்பெட்டிகள் கோர்ஸ்டனில் சுவர்களாயின. ஆகவே ஒட்டுப்போட்ட அழகான ஏழைக் குடிசையாக இதை வடிவமைக்காதீர்கள். தொழிற்சாலைக் கழிவால் கட்டிய வீடு என்பது பார்த்தவுடன் தெரிய வேண்டும். அறை சுத்தமாக இருக்க வேண்டும். மோரிஸ் பெருக்கித் துடைத்த சுத்தம்தான் வறுமையை இன்னும் எடுப்பாகக் காட்டும். குப்பையைக் கொட்டி ஏழ்மை காட்டுவது சோம்பேறி வடிவமைப்பு. பதினான்கு அடிக்குப் பன்னிரண்டு அடி என்ற அளவுக்கு மேல் அறையை விரிக்காதீர்கள். பெரிய மேடையாக இருந்தால் சுற்றிலும் இருட்டை விட்டுவிடுங்கள். காற்றுக்குப் பேர்போன ஊர் என்பதால் வெளியே காற்றின் ஒலி தாழ்வாக இருக்கலாம். வேறு பின்னணி இசை வேண்டாம்.

இனி கடிகாரம். எப்போது கால் கழுவ வேண்டும், எப்போது உண்ண வேண்டும், எப்போது படுக்க வேண்டும் என்பதை அதன் மணிதான் சொல்கிறது. மூன்றாவது நடிகர் என்றே அதை நினைத்துக்கொள்ளுங்கள். சாவி கொடுக்கும் பழைய கடிகாரங்களில் அலாரம் மணி ஐந்து நிமிடம் முன்னே பின்னே அடிப்பது வழக்கம். அதை நம்பி உச்சக்காட்சியை நடத்த முடியாது. கடிகாரம் மேடையில் துடித்துக்கொண்டிருக்கட்டும். மணியை மட்டும், அது வைத்திருக்கும் அலமாரிக்குப் பின்னால் ஒரு மின்மணியைப் பொருத்தி, பிரதியைக் கையில் வைத்திருக்கும் உதவியாளர் இயக்கட்டும். ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். நாங்கள் மேடையேற்றிய முதல் நாளில், அரங்கின் இருபுறப் பெட்டிகளிலிருந்து மணி ஒலித்தபோது, ஐந்தாறு பேர் பையைத் திறந்து தங்கள் கைப்பேசியைத் தேடினார்கள். மோரிஸ் மேடையில் உயிருக்குத் தவித்துக்கொண்டிருந்தான். மறுநாளே பழைய இரும்புக்கடையில் ஒரு பள்ளிக்கூட மணியை வாங்கிப் பொருத்தினோம்.

இரவில் மோரிஸ் தூங்கியபின் சகரியா எழுந்து, புதிதாக வாங்கிய உடையைத் தான் போட்டுக்கொண்டு இறந்த தாயிடம் பேசும் காட்சி ஒன்று இருக்கிறது. தையற்காரரிடம் உடையை மோரிஸின் அளவுக்கு மட்டும் கச்சிதமாகத் தைக்கச் சொல்லுங்கள். சகரியாவின் தோளில் அது பிடிக்க வேண்டும், பொத்தான் சேரக்கூடாது. நடிகர் இதைச் சிரிப்புக்குக் கொண்டுபோனால் தடுத்துவிடுங்கள். அம்மா தன்னையா அவனையா அதிகம் விரும்பினாள் என்ற பிள்ளைக் கேள்விதான் அங்கே கேட்கப்படுகிறது. உடை அதற்குச் சாக்கு. முதல் காட்சியில் மோரிஸ் தூங்கும் சகரியாவின் கோட்டை எடுத்துப் போட்டுக்கொள்ளும் இடத்தோடு இதை இணைத்துப் பாருங்கள்: இருவரும் ஒருவர் மற்றவரின் தோலைப் போட்டுப் பார்க்கிறார்கள். இரண்டு இடத்திலும் சட்டைக்கைக்குள் கை நுழையும் அசைவு ஒன்றுபோல இருக்கட்டும், கவனிப்பவர் கவனிப்பார்.

விளையாட்டுக் காட்சிக்கு மொத்த ஒத்திகை நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். அந்தப் பெண் வரப்போவதில்லை, அவளுக்கு நிச்சயம் ஆகிவிட்டது என்று தெரிந்தபின், உடையை வீணாக்குவானேன் என்ற அளவில் தொடங்குவதுதான் இந்த விளையாட்டு. மோரிஸ் கனவானாக நடந்து வருகிறான்; சகரியா வேலைக்காரனாக நிற்கிறான். தொடக்கத்தில் இருவரும் உண்மையாகவே சிரிக்க வேண்டும். மோரிஸின் நடை சரியில்லை, குரலில் அதிகாரம் இல்லை என்று சகரியாதான் திருத்துகிறான்; வெள்ளைக்காரர்களை நாள் முழுதும் பார்த்துக்கொண்டு நிற்பவன் அவனே. ஒடுக்கப்பட்டவன் ஒடுக்குவதற்குப் பாடம் நடத்தும் அந்தக் கொடுமையை, நல்ல ஆசிரியருக்குரிய உற்சாகத்தோடு நடித்தால்தான் அடுத்து வருவது உறைக்கும். எந்த வரியில் நடிப்பு நின்று வெறுப்பு தொடங்குகிறது என்பதை இரு நடிகர்களும் தனித்தனியாகப் பிரதியில் குறித்து வரட்டும். இருவரும் வெவ்வேறு வரிகளைக் குறித்திருந்தால் அதை மாற்றாதீர்கள். ஒருவன் இன்னும் விளையாடிக்கொண்டிருக்க, மற்றவன் விளையாட்டை விட்டு வெளியேறியிருக்கும் அந்த இடைவெளியில்தான் பார்வையாளரின் வயிறு கலங்கும்.

இந்த விளையாட்டில் மோரிஸ் சகரியாவைக் குடையால் அடிக்கும் இடத்தை எண்ணிக்கையோடு அமைக்க வேண்டும். குடையின் கூர்முனையை மழுங்கடித்துத் துணி சுற்றுங்கள். முதல் வாரம் தண்ணீருக்குள் அசைவதுபோன்ற வேகம். பிறகு கால் வேகம், அரை வேகம். முழு வேகத்துக்குக் கடைசி ஐந்து ஒத்திகைகள் போதும். ‘நிறுத்து’ என்பது பிரதியிலேயே வரக்கூடிய சொல் என்பதால், ஆபத்து நேர்ந்தால் சொல்வதற்கு நடிகர்களின் சொந்தப் பெயரை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் காதில் விழுந்ததும் இருவரும் அப்படியே நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் காட்சி முடிந்ததும் இருவரும் உடையைக் கழற்றி, முகம் கழுவி, சொந்தப் பெயரால் ஒருவரையொருவர் கூப்பிட்டபின் வீட்டுக்குப் போகட்டும். நட்பான நடிகர்கள் மூன்றாம் வாரத்தில் ஒருவரோடொருவர் பேசாமல் டீக்கடையில் தனித்தனியே நிற்கும் நிலை இந்நாடகத்தில் எளிதாக வந்துவிடும்.

நிகழ்ச்சித் தாளில் ஒரு பக்கத்துக்கு மேல் வரலாறு எழுத வேண்டாம். 1950ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும், எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று வகுத்த குழுப் பகுதிகள் சட்டமும் இரண்டு வரிகளில் இடம்பெறட்டும். பதிவுச் சட்டம் 1991இல்தான் நீக்கப்பட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். நான் தவறாமல் சேர்க்கச் சொல்வது வேறொன்று. முதல் மேடையேற்றத்துக்குப் பின் இந்நாடகம் தென்னாப்பிரிக்காவில் ஊர் ஊராகச் சென்றபோது, மேடையில் உடன்பிறந்தவர்களாக நடித்த இருவரும் ஒரே ரயிலில் வெவ்வேறு வகுப்புகளில் பயணம் செய்தனர்: ஃபியூகார்ட் முதல் வகுப்பில், மொகாய் மூன்றாம் வகுப்பில். 1965இல் வந்த அரசாணைக்குப் பின் அப்படி இருவர் ஒரே மேடையில் நிற்பதே தடைக்குள்ளாயிற்று. இதை அறிந்த பார்வையாளர் நாடகத்தை வேறு கண்ணோடு பார்ப்பார்.

கடைசிக் காட்சியில், சகரியாவின் கை ஓங்கியிருக்கும்போது மணி அடிக்கிறது. ஏழு விநாடிக்குக் குறையாமல் அடிக்கட்டும். அதுவரை இருவரும் அசையக்கூடாது. அதன்பின் அவர்கள் பேசுவது களைத்துப்போனவர்களின் பேச்சு. தீர்வு கிடைத்துவிட்டதுபோல் குரலில் எழுச்சி வந்தால் திருத்திவிடுங்கள். நாளைக்கும் சகரியா பூங்கா வாசலில் நிற்கத்தான் போகிறான். விளக்கை மெதுவாகக் குறைத்து, முழு இருட்டான பிறகும் கடிகாரத்தின் துடிப்பு மட்டும் கேட்கும்படி பத்து விநாடி விடுங்கள். கைத்தட்டலுக்கான வெளிச்சம் அதற்குப் பிறகு வந்தால் போதும்.